பிறருக்காகக் கை நீட்டிய பிள்ளைகள்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துச் சாலையின் ஆரவாரத்திலிருந்து சற்றே உள்ளடங்கியிருக்கும் திருப்புட்குழி, ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடமென்று ஸ்தல புராணம் சொல்வதாலும், திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திவ்ய தேசமாதலாலும், வைணவ யாத்திரிகர் அனைவரும் அறிந்த ஊர். விஜயராகவப் பெருமாளையும் மரகதவல்லித் தாயாரையும் சேவித்துவிட்டு ஜடாயு புஷ்கரிணியின் படியில் அமர்கிறவருக்கு, இது கோயிலூர் மட்டுமன்று, மாணாக்கர் வாழ்ந்த ஊருமாகும் என்பதை யாரேனும் நினைவூட்ட வேண்டும். யாதவப் பிரகாசரிடம் வேதாந்த பாடம் கேட்கச் சென்ற இளைஞரான இராமாநுஜர் இவ்வூரில்தான் கற்றார் என்பது குருபரம்பரை வழியாக வரும் செய்தி. குருவுக்கும் சீடருக்கும் அங்கே மூண்ட வாதத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தாய்வீட்டை விட்டு வந்து பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் எந்த வீட்டு அரிசி உலையில் கொதித்தது என்பதைப் பற்றி எழுதியவர் சிலரே.

கற்க வந்தவனுக்குச் சோறிடுவது ஊரின் கடமை என்ற தர்மம் இப்பிரதேசத்தில் வேரோடியிருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, கோயிலின் வருமானத்திலிருந்து மாணாக்கரின் போஜனத்துக்கும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும் ஒதுக்கிய பொருளைக் கணக்கோடு சொல்கிறது. மாணாக்கன் கை இங்கே ஏற்கும் கை. ஆயினும் ஏற்ற கையே பிறருக்காக மீண்டும் நீளலாம் என்ற எண்ணமும் தமிழருக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், ஊரால் தள்ளப்பட்ட இளைஞன், மதுரை வீதிகளில் வீடு வீடாக ஐயம் ஏற்றுவந்து, கண்ணில்லாதவரையும் காலில்லாதவரையும் ஆதரவற்றவரையும் கூவியழைத்து முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டான்; அவனுக்குக் கிடைத்த அமுதசுரபிதான் பிற்பாடு மணிமேகலையின் கைக்கு வந்து, பஞ்சத்தால் வாடிய காஞ்சி மாநகரத்தின் பசியைத் தீர்த்தது. இரத்தல் இழிவென்று இடைவிடாது போதித்த ஒரு சமூகம், பிறர்க்காக இரப்பவனைக் காவியத்தின் நடுவில் உயர்த்தி வைத்தது சாமானியமான காரியமல்ல.

இந்த எண்ணத்தின் எளிய, ஊர்ப்புறத்து வடிவமொன்றை நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் காணலாம். 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில், இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகக் காண்கிறது. அப்பள்ளிகளுள் மிகப் பலவற்றிற்குக் கட்டடம் கிடையாது. யாரோ ஒரு தனவந்தர் வீட்டுத் திண்ணையும், மணல் பரப்பிய தரையும், பனையோலைச் சுவடியும், சட்டாம்பிள்ளையின் அதட்டலும், உபாத்தியாயரின் பிரம்பும் சேர்ந்தால் பள்ளிக்கூடம். உ.வே. சாமிநாதையர் தம்முடைய ‘என் சரித்திரத்தில்’ அப்பள்ளிகளை நம் கண்முன்னே நிறுத்தியிருக்கிறார். உபாத்தியாயருக்கு அரசாங்கச் சம்பளம் இல்லை. மாதத்துக்குச் சில காசும், அறுவடைக்குச் சில மரக்கால் நெல்லும் பெற்று ஜீவனம் செய்த அம்மனிதருக்கு வருஷத்தில் ஒருமுறை கிடைத்த கௌரவமான வருமானம், நவராத்திரியில் அவருடைய பிள்ளைகள் ஊரெல்லாம் சுற்றிச் சேர்த்த பணம்.

நவராத்திரிக்குப் பல நாள் முன்பே பாடம் குறைந்து பாட்டு தொடங்கிவிடும். புது வேஷ்டியும், பாட்டியிடம் இரவல் வாங்கிய சங்கிலியும், வர்ணக் காகிதம் ஒட்டிய வில்லும் அம்பும், கோலாட்டக் கோல்களுமாகப் பிள்ளைகள் வரிசையாய்ப் புறப்பட, முன்னே சட்டாம்பிள்ளையும் பின்னே உபாத்தியாயரும் நடக்க, ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டாரின் குலமும் குடியும் தழைக்க வேண்டுமென்று பாடிக் கோலடித்து ஆடுவார்கள். சில ஊர்களில் இதற்கு மானம்பு என்று பெயர். வீட்டுக்காரர் உபாத்தியாயருக்குப் பணமோ வஸ்திரமோ தருவார். பிள்ளைகளுக்குப் பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கிடைக்கும். வடக்கே ஆந்திர தேசத்திலும் தசராவின்போது பிள்ளைகள் பூவும் வில்லும் ஏந்தி உபாத்தியாயரோடு வீடு வீடாகச் சென்று, அவருக்குக் காசும் தங்களுக்குக் கடலையும் வெல்லமும் கேட்டுப் பாடினார்கள்.

இந்த ஊர்வலத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆசிரியர் கேட்கவில்லை, அவருக்காக மாணாக்கர் கேட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ஒரு பாட்டு நின்றது. தன் பிள்ளை கூட்டத்தில் எங்கே நிற்கிறான் என்று தேடிய தாயின் கண்ணும், ‘இவன் யார் வீட்டுப் பையன், எந்தச் சுவடி படிக்கிறான்?’ என்று விசாரித்த கிழவரின் வாஞ்சையும், அந்தத் தானத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. வருஷம் முழுவதும் பள்ளிக்கூடத்தைப் பொருட்படுத்தாதவர்கூட அன்று ஒருநாள் அதைத் தம் வாசலில் கண்டு, அதற்குத் தாமும் பொறுப்பாளி என்று உணர்ந்தார்.

பழையதையெல்லாம் பொன்னென்று போற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஊர்வலம் எல்லா வீதிக்கும் போகவில்லை. எல்லா வீதிப் பிள்ளைகளும் அதில் நடக்கவுமில்லை. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையிலேயே இடமில்லாதபோது ஊர்வலத்தில் எப்படி இடமிருக்கும்? பெண் குழந்தைகள் பெரும்பாலும் வாசற்படியில் நின்று பார்த்தவர்களே. காஞ்சியைச் சுற்றிய நெசவூர்களில், அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியடியில் உட்கார்ந்து இழை எடுத்துக்கொடுத்த கொடுமை, பட்டின் புகழ் உலகெங்கும் பரவிய பிறகும், நம் காலத்தின் அண்மை வரையில் நீடித்தது. கல்யாணப் பட்டு நெய்த அந்தச் சிறு விரல்கள் கோலாட்டக் கோலைப் பிடித்ததில்லை. இந்தக் குறைகளைச் சொல்லாமல் அந்த மரபின் சிறப்பைச் சொல்வது நேர்மையாகாது.

மூத்த மாணாக்கனைக்கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைச் சென்னையில் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று ‘மதராஸ் முறை’ என்று பரப்பியது சரித்திரம். நவராத்திரி ஊர்வலத்தை யாரும் கப்பலேற்றவில்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டில் அதற்கு ஓர் உறவு அத்தேசத்துச் சர்வகலாசாலைகளில் தானாகவே வளர்ந்தது. வருஷத்தில் ஒரு வாரம், மாணவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு அலங்கார வண்டிகளில் நகர்வலம் வந்து, உண்டியலைக் குலுக்கிப் பணம் சேர்ப்பார்கள். ‘ராக் வாரம்’ என்று அதற்குப் பெயர். 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்குமுன், அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுள் பல, பொதுமக்களின் நன்கொடையைக்கொண்டே நடந்தன. ஆகவே மாணவர்கள் குலுக்கிய உண்டியலின் காசு ஏழை நோயாளியின் படுக்கைக்குச் சென்றது. அந்த வாரத்தில் விற்பதற்கென்றே மாணவர்கள் ஒரு பத்திரிகை அச்சிட்டார்கள். உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரமும், துணுக்கும், கேலிச்சித்திரமும் நிறைந்த அச்சிறு புத்தகத்துக்கு ஷெஃபீல்டில் ‘ட்விக்கர்’ என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மாணவர்கள் ‘சாக்ஸ் அப்பீல்’ என்ற பத்திரிகையைச் சாலைச் சந்திப்புகளில் நின்று விற்றார்கள். தமிழர் பலர் பயிலும் சிங்கப்பூர் சர்வகலாசாலையிலும் அலங்கார ஊர்தியும் கொடி விற்பனையும் வருஷந்தோறும் நடக்கும் விழாவாக வேரூன்றின.

இவற்றுள் பத்திரிகையே முதலில் நலிந்தது. அதற்குக் காரணம் பாதி அதனுள்ளேயே இருந்தது. சிரிப்பு மூட்டுவதற்காகப் பெண்களையும், வேற்று நிறத்தவரையும், உடற்குறை உடையவரையும் இழிவு செய்யும் துணுக்குகளை ஆண்டுதோறும் அச்சிட்டு வந்ததை, அந்த வகுப்பினரே மாணவர்களாக வந்து பக்கத்தில் அமர்ந்த பிறகு, யாரும் பொறுக்கவில்லை, பொறுத்திருக்கவும் கூடாது. தர்ம காரியத்துக்கு என்ற ஒரே காரணத்தால் ஒருவரை அவமதிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. மிச்சமிருந்த நகைச்சுவையைக் கைப்பேசி இலவசமாகவே தந்துவிட்டதால், காசு கொடுத்து அந்தப் பத்திரிகையை வாங்குவதற்கு முகாந்தரமும் இல்லாமற் போயிற்று.

நம் பக்கத்துக் கல்லூரிகளும் பள்ளிகளும் இதே காரியத்தைத் தம் வழியில் செய்தன. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள கையெழுத்துப் பத்திரிகை, அழகாக எழுதத் தெரிந்த ஒருவன் பிரதி செய்ய, சித்திரம் வரையத் தெரிந்த மற்றொருவன் அட்டை தீட்ட, வீட்டுக்கு ஓர் இரவு என்று கைமாறிச் சென்றது. தமிழில் பேரெடுத்த எழுத்தாளர் பலரின் முதல் அரங்கேற்றம் அதில்தான். ஏழை மாணவர் நிதிக்காகவோ, பள்ளிக்கு ஒரு கட்டடம் எழுப்புவதற்காகவோ நிதியுதவி நாடகம் போட்டு, அதற்கொரு மலர் வெளியிட்டு, ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி என்று ஏறியிறங்கி விளம்பரம் சேகரித்தார்கள். கால்பக்கமா, அரைப்பக்கமா, பின்னட்டையா என்று முதலாளியிடம் பேரம் பேசிப் பழகிய மாணவன், எந்தப் பாடப்புத்தகமும் தராத ஒரு சாமர்த்தியத்தையும், ‘இல்லை, போய் வா’ என்ற சொல்லைத் தாங்கும் மனத்தையும் பெற்றான்.

அத்துடன் இரண்டு தேதிகள் பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சில் பதிந்திருந்தன. ஒன்று, டிசம்பர் 7, கொடி நாள். 1949இல் வகுத்த ஏற்பாட்டின்படி, சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமும் கலந்த சிறு காகிதக் கொடியைச் சட்டையில் குத்தி, முன்னாள் படைவீரர்களின் நலனுக்காகக் காசு வாங்குவது. மற்றொன்று காந்தி ஜயந்தியன்று தொடங்கும் காசநோய் முத்திரை விற்பனை. டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியர் 1904இல் தொடங்கிய யோசனை அது. கடித உறையில் தபால் தலைக்கு அருகே ஒட்டும் ஒரு சிறு முத்திரையை விற்று நோய்க் குழந்தைகளுக்கு உதவினார். 1939இல் ஏற்பட்ட இந்தியக் காசநோய்ச் சங்கம், 1950 முதல் இம்முத்திரையை இங்கே விற்கலாயிற்று. காசநோய் என்ற பெயரைச் சொல்லவே வீடுகள் அஞ்சிய காலத்தில், பத்து வயதுப் பிள்ளை ஒருவன் வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொன்னது, சேர்ந்த காசைவிடப் பெரிய சேவை என்று நான் கருதுகிறேன்.

அந்தத் தலைமுறையில் கொடையின் காற்றே வேறு விதமாக வீசியது. 1956 மே மாதத்தில் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது; பூமிதானத்துக்காகக் கால்நடையாகத் தமிழகத்தில் யாத்திரை செய்துகொண்டிருந்த விநோபா பாவே அதில் கலந்துகொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் பரப்பிய சர்வோதயப் பாத்திரம் என்ற யோசனையின் அழகு, வீட்டில் வைத்த கலயத்தில் தினம் ஒரு பிடி தானியத்தைப் போட வேண்டியது அவ்வீட்டின் குழந்தை என்பதில் இருக்கிறது. காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை ஏழைகளுக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசித் திட்டத்தை இல்லத்தரசிகளிடம் வேண்டினார். காமராஜர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, முதலில் ஊராரின் நன்கொடையை நம்பியே அடுப்பேற்றியது. அதற்கும், 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் உயிர்நாடியாயிருந்த கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அம்மாநாடுகளில் பெஞ்சும் கடிகாரமும் புத்தகமும் நிலமுமாக ஊரார் கொண்டுவந்து கொடுத்தது, அந்த நவராத்திரி வாசல்களின் தொடர்ச்சியே என்று எனக்குத் தோன்றும்.

பிள்ளைகள் பிறருக்காகக் கை நீட்டும் அவ்வழக்கம் எப்படித் தேய்ந்தது? ஒரு காரணம், வசூல் இலக்காக மாறியது. மேலிடம் ஒரு பள்ளிக்கு இத்தனை கொடி, இத்தனை முத்திரை என்று கணக்கிட்டு அனுப்ப, தலைமையாசிரியர் அதை வகுப்புக்குப் பங்கிட, ஆசிரியர் பிள்ளைக்குப் பங்கிட, பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனாரிடம் நீட்ட, அவர் பணத்தைக் கொடுத்து முத்திரைத் தாளை மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார். பணம் சேர்ந்தது; பிள்ளை ஒரு வாசலும் ஏறவில்லை. விற்காத தாளின் தொகையைத் தம் சம்பளத்திலிருந்து கட்டிய ஆசிரியர்களும் உண்டு. விருப்பத்தால் நடந்த காரியம் கட்டாயமாகும்போது அதன் ஜீவன் போய்விடுகிறது.

பெற்றோரின் அச்சம் மற்றொன்று. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலுக்குக் குழந்தையை அனுப்ப இன்று எந்தத் தாயும் துணிவதில்லை. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. வாசலும் மாறிவிட்டது. திண்ணை மறைந்து, இரும்புக் கதவும் காவலாளியும் வந்தபின், பாடுகிற பிள்ளைக்கு நிற்க இடமேது? 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் எண்ணற்ற நற்காரியங்களைச் செய்திருக்கிறது. எனினும் சேவையை மணிக்கணக்காகவும் சான்றிதழாகவும் அளக்கும் வழக்கமும் அதன் நிழலில் வளர்ந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதித்தது. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில், கடல் கடந்த முன்னாள் மாணவரும் தம் கிராமப் பள்ளிக்கு இருந்த இடத்திலிருந்தே பணம் அனுப்பலாம். இவையனைத்தும் நல்லவை, உண்டியலைவிடப் பன்மடங்கு பணத்தை இவை பள்ளிக்குக் கொண்டுவரும். அந்தப் பணம் வேண்டாமென்று சொல்லும் மூடத்தனம் எனக்கில்லை.

ஆனால் பள்ளிக்குக் கட்டடம் தேவைப்படுவதுபோல, பிள்ளைக்கு அந்த வாசற்படி தேவைப்படுகிறது. பிறருக்காகக் கேட்கும்போதுதான் ஒரு குழந்தை தன் ஊரை முழுமையாகப் பார்க்கிறது. பெரிய வீட்டில் காத்திருக்க வைக்கிறார்கள் என்பதையும், ஓட்டுவீட்டுத் தறிக்காரர் பாவைவிட்டு எழுந்துவந்து மடியிலிருந்து காசெடுத்துத் தருகிறார் என்பதையும், எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. ‘இந்தப் பணம் யாருக்கு? எவ்வளவு சேர்ந்தது? யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?’ என்று ஒரு கிழவி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய பொறுப்பு, பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு வந்துவிடுமானால், பிற்காலத்தில் பொதுப்பணத்தைத் தொடும்போது அவன் கை சற்றுக் கூசும். இணையவழியில் அனுப்பும் ஆயிரம் ரூபாய் இதில் எதையும் அவனுக்குக் கற்பிப்பதில்லை. அதை அனுப்புகிறவரும் அவனல்லன், அவன் தகப்பனார்.

பிள்ளைகளின் சுபாவம் வறண்டுவிட்டது என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதும், 2015இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், போர்வையும் அரிசியும் பாலுமாகச் சேர்த்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் மாணவர்களே. 2018இல் கேரளத்து வெள்ளத்தின்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்கச் சேர்த்த உண்டியலை அப்படியே கொடுத்துவிட்டாள். ஊற்று இருக்கிறது; பேரிடர் வந்தால்தான் அது பெருகுகிறது. வெள்ளமும் புயலும் இல்லாத சாதாரணமான வருஷத்தில், அடுத்த தெருவில் கண் பார்வை மங்கியும் கண்ணாடி வாங்க இயலாத கிழவருக்காக, பாதியில் படிப்பை நிறுத்தப் பார்க்கும் வகுப்புத் தோழிக்காக, ஒழுங்காக ஆண்டுதோறும் கை நீட்டும் வழக்கம்தான் நம்மிடம் அற்றுப்போயிற்று.

அதை மீட்பது பெரிய காரியமன்று. திருப்புட்குழியைப் போன்ற ஓர் ஊரின் பள்ளி, வருகிற நவராத்திரியில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். ஆணும் பெண்ணுமாக எல்லாத் தெருப் பிள்ளைகளும் நடக்கட்டும். எல்லாத் தெருவுக்கும், சேரியென்று முன்பு ஒதுக்கிய தெருவுக்கும், மசூதித் தெருவுக்கும், மாதாகோயில் தெருவுக்கும் போகட்டும். ஆசிரியரும் பெற்றோர் சிலரும் கூட இருக்கட்டும். கேட்பது உபாத்தியாயருக்காக அல்ல, அவருக்கு இப்போது அரசாங்கச் சம்பளம் இருக்கிறது. யாருக்காகக் கேட்பது என்பதைப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். அவர்கள் எழுதி வரைந்த ஒரு கையெழுத்துப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டட்டும். அதில் ஒருவரையும் புண்படுத்தாத நகைச்சுவை இருக்கட்டும். சேர்ந்த பணம் எவ்வளவு, சென்ற இடம் எது என்பதை மறுவாரமே பள்ளி வாசலில் எழுதி ஒட்டட்டும். இலக்கு வேண்டாம், கட்டாயம் வேண்டாம், வராத பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

தலைமையாசிரியர்கள் இதைத் தொடங்க வேண்டும். பெற்றோர் தம் பிள்ளையை ஒரு மாலைக்கு அனுப்பிவைக்க வேண்டும். வாசகர்களிடம் நான் கேட்பது இன்னும் எளிது. உங்கள் வாசலில் ஒரு பிள்ளை கொடியோ முத்திரையோ உண்டியலோ ஏந்தி வந்து நின்றால், கைப்பேசியில் தொகையை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, இது யாருக்காக என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு கொடுங்கள்.